சளிக்கொடி

என் அத்தை வருடம் முழுவதும் தைப்பது எதையாவது மூடுவதற்கான துணிகளை. லாரிக்குத் தார்ப்பாய், படகுக்கு உறை, கடை முகப்புக்கு வெயில் மறைப்பு, ஸ்கூட்டருக்கு மழை அங்கி. அப்பாவின் அக்கா அவர். யாரோ வேன் நிறுத்துவதற்காகக் கட்டிய கொட்டகைதான் அவருடைய பட்டறை. பழைய கதவுகள் இரண்டைச் சேர்த்துப் போட்டு மேசையாக்கியிருக்கிறார். ஒரு கதவில் பூட்டு ஓட்டை அப்படியே இருக்கிறது. அதற்குள் சாக்கட்டிகளைச் செருகி வைப்பார். தையல் இயந்திரம் கனமானது. அது ஓடத் தொடங்கினால் பக்கத்து மெத்தைக் கடைக்காரர் போனில் பேசுவதை நிறுத்திவிட்டு, சத்தம் அடங்கும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அத்தையின் இடது கை மோதிர விரலில் நகம் கிடையாது. ஊசி இறங்கியதில் போய்விட்டது. "மோதிரம் போனப்பவே அந்த விரலுக்குத் தெரிஞ்சிருக்கும், இனிமே நம்மள யாரும் கவனிக்கப்போறதில்லன்னு" என்பார். மோதிரம் போன கதை இவ்வளவுதான்: மாமா லாரி ஓட்டுகிறார், வேறு ஊரில் தனியாக இருக்கிறார். சண்டை என்று ஒன்று நடந்ததாக யாருக்கும் நினைவில்லை. தார்ப்பாய் கிழிந்தால் இன்றைக்கும் அத்தையிடம்தான் கொண்டுவருவார். "வாங்க, கிழிச்சாச்சா?" என்று அத்தை கேட்பார். "ஆச்சு" என்று அவர் சொல்வார். எங்கள் வீட்டில் மற்ற எல்லோருக்கும் அது தர்மசங்கடம். அவர்கள் இருவருக்கும் இல்லை.

வருடத்தில் ஒருமுறை மட்டும் அத்தை மூடுவதற்கு இல்லாத ஒன்றைத் தைப்பார். அது கொடி.

ஊருக்குக் கிழக்கே கார் பந்தயத் தடம் இருக்கிறது. ஆனால் எங்கள் ஊரில் பந்தயம் நடப்பதில்லை. பந்தயங்கள் பெரிய நகரங்களில் நடக்கும். பருவம் தொடங்குவதற்கு முன், குளிர் விடாத நாட்களில், எல்லா அணிகளும் தங்கள் புதுக் கார்களைச் சோதித்துப் பார்க்க மூன்று நாட்கள் இங்கே வரும். மற்றவர்களுக்குக் கல்யாணம் என்றால் எங்களுக்கு நிச்சயதார்த்தம் மட்டும். அதனால் அதையே கல்யாணம் மாதிரி கொண்டாடிவிடுவோம்.

சோதனை ஓட்டத்தில் யார் வேகம் என்று தெரியாது. ஒருவர் டேங்க் நிறைய எரிபொருளோடு ஓட்டுவார், இன்னொருவர் காலியாக ஓட்டுவார், யாரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள். ஆகவே வேலியோரம் நிற்கும் நாங்கள் நேரத்தைப் பேசமாட்டோம், அழகைத்தான் பேசுவோம். புதுக் கார் முதல் வளைவுக்கு வருவதற்குள் அதற்கு ஒரு பெயர் விழுந்துவிடும். மூக்கு தட்டையாக இருந்த ஒரு காருக்கு இஸ்திரிப்பெட்டி என்று பெயர். பின்பக்கம் அகலமான இன்னொன்றுக்கு வாத்து. அந்தப் பெயர் வருடம் முழுக்க ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த வாத்து இரண்டு பந்தயங்களில் முதலாவதாக வந்தபிறகும் அது வாத்துதான்.

எங்கள் ஊரில் பாதிப்பேர் நீலத்தின் ஆட்கள். அந்த அணிக்கு வேறு பெரிய பெயர் உண்டு, ஆனால் கார் எப்போதும் நீலம் என்பதால் நீலம் என்றுதான் சொல்வோம். மீதிப்பேர் சிவப்பு. நீலத்துக்கு ஒரு மன்றம் இருக்கிறது. செயலாளர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். பாடம் நடத்தும்போது ஒவ்வொரு வாக்கியத்திலும் "கிளட்ச், கிளட்ச்" என்று கத்துவதால் அவர் பெயரே கிளட்ச் ஆகிவிட்டது. சோதனையின் கடைசி நாள், அணிகளின் கொட்டகைகளுக்கு எதிர்ப்புற வேலியில் மன்றத்தின் பெரிய கொடியை விரிப்பார்கள். ஒரு பேருந்தை அப்படியே போர்த்திவிடக்கூடிய அளவு. பக்கவாட்டில் பார்த்த கார் மாதிரி இருக்கும்: ஒரு முனை மூக்கு, மறுமுனை வால், நடுவில் எண். அந்த வருடத்துக் கார் எந்த நிறமோ கொடியும் அதே நிறம். பழைய கொடியை மறுபடி விரிப்பதில்லை. அதை வெட்டி அத்தை ஸ்கூட்டர் உறை தைத்துவிடுவார். எங்கள் தெருவில் வரிசையாக நிற்கும் ஸ்கூட்டர்களைப் பார்த்தால் நீலம் எந்த வருடம் எந்த நீலமாக இருந்தது என்று சொல்லிவிடலாம்.

போன வருடம் கொடி தாமதமாகிவிட்டது. மழையில் துணி நனைந்து காயவில்லை. நாங்கள் வேலிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது எல்லாக் கார்களும் உள்ளே போய் ஷட்டர் இறங்கிவிட்டது. இருந்தாலும் விரித்தோம். தடத்தைக் கூட்டும் வண்டி ஒன்று மெதுவாகப் போனது. அதன் ஓட்டுநர் எங்களைப் பார்த்துக் கையசைத்தார்.

இதை டிஸ்பிளே மறக்கவில்லை. டிஸ்பிளே என்பவர் மன்றத்தின் பொருளாளர், போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். எந்தப் போனைக் கொடுத்தாலும் "டிஸ்பிளே போயிருச்சு" என்பார்.

"ரோடு கூட்டுற வண்டிக்கா அக்கா கொடி தைச்சோம்?" என்று மன்றக் கூட்டத்தில் கேட்டார். "ஃபிளெக்ஸ்ல அடிச்சா காலையில குடுத்து மத்தியானம் வாங்கிரலாம். போட்டோ மாதிரி இருக்கும். நான் உங்கள குறை சொல்லல. காலம் அப்படி."

"குறை சொல்லிட்டு குறை சொல்லலன்னு சொல்லாத தம்பி. ரெண்டுல ஒண்ணு சொல்லு" என்றார் அத்தை.

கடைசியில் கிளட்ச் ஒரு முடிவு சொன்னார். இந்த வருடம் கொடி நேரத்துக்கு வர வேண்டும், நிறம் சரியாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் அடுத்த வருடத்திலிருந்து ஃபிளெக்ஸ். அத்தை "சரி" என்று மட்டும் சொன்னார்.

பட்டறைக்குத் திரும்பும் வழியில் நான் கேட்டேன், "போனா போகட்டுமே அத்தை? உங்களுக்குத்தான் வேலை வந்துக்கிட்டே இருக்கே."

"வருஷம் பூரா அடுத்தவங்க சாமான மூடித் தரேன். நல்லா தைச்சா மழை உள்ள போகாது, யாரும் பார்க்கவும் மாட்டாங்க. இது ஒண்ணுதான் திறந்து காட்டுறது. இத எப்படிடி விடுவேன்?"

இந்த வருடம் நீலத்துக்குப் புது விளம்பரதாரர். விதை, உரம் விற்கும் நிறுவனம். அதன் சின்னம் ஒரு பச்சை இலை. அணி தன் காரை முன்கூட்டியே காட்டவில்லை. நேராகத் தடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, கறுப்புத் துணி போர்த்திய காரின் ஒரு படத்தை மட்டும் வெளியிட்டது. நாங்கள் எல்லோரும் அந்தத் துணிக்குள் என்ன வடிவம் என்று பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். அத்தையும் பார்த்தார். "யாரு தைச்ச போர்வையோ, ஓரம் மடிக்கவே இல்ல" என்றார்.

முதல் நாள் காலை நானும் கிளட்ச்சும் இன்னும் பலரும் வேலியில் நின்றோம். பனிமூட்டம் விலகவில்லை. அத்தை பட்டறையில் இருந்தார். நீலம் எப்படியும் இருக்கும் என்று கொடியின் உடம்பு முழுவதையும் ஏற்கெனவே நீலத்தில் தைத்து வைத்துவிட்டார். மூக்குப் பக்கத்துக்கு மட்டும் வெள்ளை, கறுப்பு, பச்சை, ஆரஞ்சு என்று சில சுருள்களைத் துணிக்கடையில் சொல்லி எடுத்து வைத்திருந்தார். வேண்டாததைத் திருப்பித் தரலாம், வெட்டாத வரைக்கும்.

முதலில் சிவப்பு வந்தது. சிவப்பாகவே இருந்தது. அவர்கள் பக்கம் கைதட்டினார்கள். எங்கள் ஆள் ஒருவர், "போன வருஷத்து கார கழுவிக் கொண்டாந்திருக்காங்க" என்றார். அடுத்து வந்த ஒன்றுக்குப் பக்கவாட்டில் இரண்டு பெரிய துளைகள். அதற்குக் குறட்டை என்று பெயர் வைத்தோம். பிறகு நீலத்தின் சத்தம் கேட்டது. பனிக்குள்ளிருந்து வெளியே வந்த காரின் மூக்கு பளபளவென்று பச்சையாக இருந்தது. மூக்கு, முன் இறக்கை, சக்கரங்களுக்கு இடைப்பட்ட இடம் எல்லாம் பச்சை. பின்னால் நீலம்.

"இலைக்காரன் வேலைய காட்டிட்டான்" என்றார் கிளட்ச். உடனே அத்தைக்கு போன் செய்தார்.

"அக்கா, முன்பக்கம் பூரா பச்சை. பின்னாடி நம்ம நீலந்தான்."

"பச்சை எங்க முடியுது? ஓரம் நேரா வருதா?"

"நேரா இல்ல. அலை அலையா, விரல் விரலா பின்னாடி ஓடுது. காத்துல இழுத்த மாதிரி. நல்லாத்தான் இருக்கு. டிசைன்."

"விரல் விரலா வெட்டணும்னா நேரமாகும்பா. போட்டோ அனுப்பு."

நான் எடுத்த படத்தை அனுப்பினோம். கார் ஒரு சுற்று ஓடிவிட்டு உள்ளே போனது.

அந்தப் பச்சை என்ன என்று எங்களுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு வருடமும் பார்த்திருக்கிறோம். காற்று காரின் மேல் எப்படிப் போகிறது என்று பார்க்க எண்ணெய் கலந்த ஒரு சாயத்தைப் பூசி ஓட்டுவார்கள். காற்று போகிற வழியில் சாயம் கோடு கோடாக இழுபடும். உள்ளே போனதும் படம் எடுத்துக்கொண்டு துடைத்துவிடுவார்கள். ஆனால் எப்போதும் பின் இறக்கையிலோ பக்கவாட்டிலோ ஒரு கை அகலம்தான் பூசுவார்கள். காரின் நிறமும் நமக்கு முன்பே தெரிந்திருக்கும். இந்த முறை நிறம் தெரியாது, பனி வேறு, எல்லோர் மனதிலும் அந்த இலை. பச்சையை எதிர்பார்த்து நின்றோம், பச்சை வந்தது.

அத்தை எப்படி வேலை செய்வார் என்பதை இங்கே சொல்ல வேண்டும். ஒரு துணிமேல் இன்னொரு துணியை வைத்துத் தைத்தால் அந்த இடம் இரட்டையாகும். சின்னக் கொடிக்குப் பரவாயில்லை. பேருந்து அளவுக் கொடியில் இரட்டைத் துணி கனக்கும், காற்றில் எழாது. ஆகவே அத்தை மேல்துணியைத் தைத்து முடித்ததும் திருப்பிப் போட்டு, அடியில் இருக்கும் துணியைத் தையல் ஓரமாகவே வெட்டி எடுத்துவிடுவார். கத்தரிக்கோல் நுனி மேல்துணியைத் தொடாமல் அதைச் செய்வதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு. அன்றைக்கும் செய்தார். பச்சையை விரல் விரலாக வரைந்து, தைத்து, அடியில் இருந்த நீலத்தை வெட்டி எடுத்தார்.

மத்தியானத்துக்கு மேல் நீலம் மறுபடி வெளியே வந்தது. மூக்கு வெள்ளை.

இலைச் சின்னம் பின் இறக்கையில் உள்ளங்கை அளவு ஒட்டியிருந்தது, அவ்வளவுதான்.

"தொடச்சிட்டாங்க" என்றார் கிளட்ச், யாரோ தன் வீட்டைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனதுபோல.

போனில் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. இருவரும் பட்டறைக்குப் போனோம். மெத்தைக் கடைக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதாவது இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. கிளட்ச் வாசலிலேயே நின்றார். அவரைப் பார்த்ததும் அத்தை இயந்திரத்தை நிறுத்தினார்.

"என்ன, வண்டி கவுந்துருச்சா?"

"இல்லக்கா. அது பச்சை இல்ல."

"பின்ன?"

"அது அந்தச் சாயம். காத்து பார்க்கிறது. இப்ப தொடச்சிட்டு வெள்ளை மூக்கோட வந்திருக்கு."

அத்தை மேசைமேல் கிடந்த பச்சையைப் பார்த்தார். தரையில் விழுந்து கிடந்த நீலத் துண்டுகளையும் பார்த்தார்.

"எதால தொடச்சாங்க?"

"துணியாலதான்."

"அவங்களுக்கென்ன, தொடச்சா போயிருது" என்று சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். "பச்சையைப் பிரிச்சா இங்க வெறும் ஜன்னலுதான் இருக்கும். அடியில நீலம் இல்ல."

"என் தப்புதான்கா. நான்தான் டிசைன்னு சொன்னேன்."

"நீ கண்ணால பார்த்து சொன்ன. நான் பார்க்காமலே வெட்டினேன். ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கலாம். மொதல்ல உள்ள வா, வாசல மறிச்சிக்கிட்டு நிக்காத."

மாலையில் டிரைவிங் ஸ்கூலில் அவசரக் கூட்டம். சுவரில் போக்குவரத்துச் சின்னங்களின் படம். மாணவர்கள் பழகுவதற்காக வைத்திருந்த ஒரு பழைய ஸ்டீயரிங்கை மடியில் வைத்துக்கொண்டு டிஸ்பிளே உட்கார்ந்திருந்தார். அதற்குள் இன்னொரு சங்கதி நடந்திருந்தது. காலையில் எடுத்த படங்கள் எல்லா இடத்துக்கும் போய்விட்டன. பச்சை மூக்கும், அதிலிருந்து பின்னால் வழிந்த கோடுகளும். சிவப்பு ஆட்கள் பெயர் வைத்துவிட்டார்கள். சளி.

கிளட்ச் தன் போனில் வந்ததை வாசித்தார், வேண்டாவெறுப்பாக. "'நீலத்துக்கு மூக்கு ஒழுகுது. யாராவது கொஞ்சம் ஆவி புடிக்க விடுங்க.' 'வேகம் இல்லன்னாலும் பரவாயில்ல, மொதல்ல ஸ்வெட்டர் போட்டு விடுங்க.' இது யாரு... 'சளி ஓடுது, கார் ஓடல.'"

அத்தை சிரித்துவிட்டார். அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். மற்ற யாரும் சிரிக்கவில்லை.

"சிரிக்காதீங்க அக்கா. இந்தப் பேரு வருஷம் பூரா போகாது" என்றார் டிஸ்பிளே. "இதுல நம்ம கொடியிலயும் பச்சை. அவங்க வெச்ச பேர நாமளே தைச்சு நாமளே ஆட்டணுமா? நான் ஃபிளெக்ஸ்காரர்கிட்ட பேசிட்டேன். நாளன்னிக்கு காலையில கைல குடுத்துருவாரு. நிறம் சரியா இருக்கணும்னு பேசினோமா இல்லையா?"

"பேசினோம்" என்றார் அத்தை.

"அப்புறம்?"

"நாளைக்கு ஒரு நாள் இருக்குல்ல. சாயங்காலம் வந்து பாருங்க. பிடிக்கலன்னா நானே சொல்லிடறேன், ஃபிளெக்ஸ்னு. அடுத்த வருஷமும் அதுதான்னு நானே கை தூக்குறேன்."

டிஸ்பிளே ஸ்டீயரிங்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பினார். "ஃபிளெக்ஸ ரத்து பண்ண மாட்டேன்."

"பண்ணாத. யாரு பண்ணச் சொன்னா?"

மறுநாள் நான் வேலிக்குப் போகவில்லை. கொடியின் மறுமுனையை யாராவது பிடிக்க வேண்டியிருந்தது. அத்தை வெள்ளைத் துணியை எடுத்து மூக்கு முழுவதற்கும் வைத்துத் தைத்தார். அடியில் இருந்த பச்சையை வெட்டி எடுத்தார். ஆனால் நீலச் சுருள் தீர்ந்துபோயிருந்ததால் நீலத்துக்குள் நீண்டிருந்த பச்சை விரல்களை ஒன்றும் செய்ய முடியவில்லை. வெள்ளை மூக்குக்கு அடியிலிருந்து புறப்பட்டுப் பின்னால் வழிந்துகொண்டிருந்தன. இருவரும் சுவரோரம் போய் நின்று பார்த்தோம்.

"எப்படி இருக்கு? உண்மையச் சொல்லு."

"தப்பா வெட்டிட்டு மறைச்ச மாதிரி இருக்கு அத்தை."

"அதத்தானே செஞ்சிருக்கேன்" என்றார். மறுபடியும் பார்த்தார். "மறைக்கப் பார்த்தாத்தான் தப்பு தெரியுது. சளின்னு பேரு வெச்சிட்டாங்க. சளின்னா கர்ச்சீப் வேணும்ல?"

நான் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் மீதி வெள்ளைச் சுருளை விரித்துவிட்டார். ஒரு கட்டில் விரிப்பு அளவுக்குச் சதுரமாக வெட்டி, நான்கு ஓரமும் மடித்து அடித்து, ஓரத்தை ஒட்டி உள்ளே, வெட்டி விழுந்த நீலத் துண்டுகளால் ஒரு கட்டம் போட்டார். தாத்தாமார்கள் பையில் வைத்திருக்கும் கைக்குட்டையில் இருக்குமே, அதே கட்டம். மூலையில் ஒரு பச்சை இலையையும் சின்னதாகத் தைத்தார், விளம்பரதாரர் கோபித்துக்கொள்ளக்கூடாது என்று. பிறகு மேல் ஓரத்தை மட்டும் மூக்கு நுனியில் பிணைத்தார். மற்ற மூன்று பக்கமும் காற்றில் ஆடும்.

சாயங்காலம் கிளட்ச்சும் டிஸ்பிளேயும் வந்தார்கள். கிளட்ச் ஒரு முறை பார்த்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. டிஸ்பிளே கொடியை மூக்கிலிருந்து வால்வரை நடந்து பார்த்தார், யாரோ கொண்டுவந்த போனைப் பார்ப்பதுபோல.

"இது விளையாட்டா போயிராதா அக்கா?"

"விளையாட்டுதானே தம்பி. பின்ன என்ன, ஆஸ்பத்திரியா?"

டிஸ்பிளே கைக்குட்டையை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு, "ஃபிளெக்ஸும் என் வண்டியில இருக்கும். பசங்க எத கேக்குறாங்களோ அத விரிக்கலாம்" என்றார்.

"நியாயம்" என்றார் அத்தை. மேசையைத் துடைத்தார். பூட்டு ஓட்டையிலிருந்த சாக்கட்டிகளை வெளியே எடுத்து, மறுபடி அதே ஓட்டையில் செருகினார்.

கடைசி நாள் நல்ல வெயிலும் காற்றும் இருந்தன. வேலியில் கூட்டம். எதிரே கொட்டகைகளின் ஷட்டர்கள் திறந்திருந்தன, கார்கள் உள்ளேயும் வெளியேயுமாக இருந்தன. நேரம் தவறவில்லை. டிஸ்பிளேயின் வண்டியில் ஃபிளெக்ஸ் சுருள் பின்பக்கத்திலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. அழகாகத்தான் அடித்திருந்தார்கள், நீலமும் வெள்ளையும், நிழல்கூட விழுந்திருந்தது. கொடி பிடிக்க வந்தவர்களை கிளட்ச் ஒன்றாக நிறுத்தி இரண்டையும் ஓரமாக விரித்துக் காட்டினார்.

"எது?"

அவர்கள் கைக்குட்டையைப் பார்த்தார்கள். பேருந்து நடத்துநர் ஒருவர், "இது என்னது, துண்டா?" என்று கேட்டார்.

"கர்ச்சீப்பு. சளிக்கு."

அதற்குப் பிறகு யாரும் ஃபிளெக்ஸ் பக்கம் திரும்பவில்லை. நடத்துநர் தன் பங்குக்கு ஓடிப்போய் மூங்கில் கழி ஒன்றைக் கொண்டுவந்தார். கைக்குட்டையின் கீழ்மூலையில் அதைக் கட்டிவிட்டார்கள், தேவைப்பட்டால் ஆட்டுவதற்கு.

கொடி எழுந்தது. இரட்டைத் துணி இல்லாததால் காற்று அதை உடனே தூக்கிக்கொண்டது. முதலில் பார்த்தது பக்கத்து வேலியில் நின்ற சிவப்பு ஆட்கள். ஒரு சிரிப்பு அலை வந்தது. "டேய், மூக்கத் தொடைங்கடா" என்று ஒருவர் சத்தம் போட்டார். நடத்துநர் கழியை எடுத்து, ஒரு குழந்தைக்குத் துடைத்துவிடுவதுபோல, கைக்குட்டையால் மூக்கை நிதானமாக இரண்டு பக்கமும் துடைத்தார். சிவப்பு ஆட்கள் மறுபடி சிரித்தார்கள், ஆனால் இந்த முறை எங்களோடு சேர்ந்து.

அத்தை வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கொடியைப் பார்க்கவில்லை, எதிரே இருந்த கொட்டகையைப் பார்த்தார். அங்கே மெக்கானிக்குகள் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். யாரும் தலை தூக்கவில்லை. கொடி ஆடிக்கொண்டே இருந்தது. பிடித்திருந்தவர்களுக்குக் கை வலித்தது. "பார்க்க மாட்டாங்க போலிருக்கே" என்று டிஸ்பிளே மெதுவாகச் சொன்னார். அதில் கேலி இல்லை.

ஒரு மெக்கானிக் தற்செயலாக நிமிர்ந்தார். பார்த்தார். பக்கத்தில் இருந்தவரைத் தட்டினார். அவர் உள்ளே போய் இன்னும் சிலரைக் கூட்டிவந்தார். கடைசியில் கொட்டகை வாசலில் ஒரு வரிசையே நின்றது. தூரத்தில் முகம் தெரியவில்லை, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றதுதான் தெரிந்தது. ஒருவர் உள்ளே ஓடி எதையோ எடுத்துவந்து தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார். பச்சைக் கறை படிந்த துணி. அதே துணியோடு காரருகே போய், மூக்கைத் துடைத்துக் காட்டினார், இரண்டு பக்கமும்.

எங்கள் பக்கம் எழுந்த சத்தத்தில் அத்தை ஏதோ கேட்டார். எனக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டார்.

"எல்லாரும் பார்த்தாங்கல்ல?"

"எல்லாரும் பார்த்தாங்க அத்தை."

அவர் தலையாட்டினார். பிறகு போய், கொடியின் தையலைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்தார். காற்று எங்கும் பிரிக்கவில்லை.

அந்த வருடம் நீலம் பந்தயங்களில் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. நடுவில் எங்கோ வந்தது. பெயர் மட்டும் நின்றது. காருக்குச் சளி, கொடிக்குச் சளிக்கொடி. பட்டறைக்குத் தார்ப்பாய் கொண்டுவரும் லாரிக்காரர்கள்கூட இப்போது வழி கேட்கும்போது "சளியக்கா கடை எது?" என்றுதான் கேட்கிறார்கள். மாமாவும் ஒரு முறை அப்படிக் கேட்டுக்கொண்டு வந்தார், வழி தெரிந்திருந்தும்.

கொடியைச் சுருட்டிய அன்றே கிளட்ச் முடிவைச் சொல்லிவிட்டார். அடுத்த வருடமும் அத்தைதான். ஒரு நிபந்தனை: போனில் நிறம் சொல்வது இனிமேல் கிடையாது. முதல் நாள் காலையில் அத்தையே வேலிக்கு வந்து, கார் இரண்டாவது முறை வெளியே வரும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் கத்தரிக்கோலைத் தொட வேண்டும். "அப்ப மத்தியானம் வரைக்கும் நான் அங்க நின்னு என்ன பண்றது?" என்று அத்தை கேட்டார். "எங்கள மாதிரி பேரு வைங்க" என்றார் கிளட்ச்.

சில நாள் கழித்து டிஸ்பிளே பட்டறைக்கு வந்தார். பச்சை விரல்கள் இருக்கும் பகுதி தனக்கு வேண்டும், கடை முகப்பில் மறைப்பாகப் போட்டுக்கொள்கிறேன் என்றார். ஏற்கெனவே நடத்துநர் ஸ்கூட்டருக்குக் கேட்டிருந்தார்.

"வரிசையில நில்லு" என்றார் அத்தை. பிறகு கேட்டார், "அந்த ஃபிளெக்ஸ் என்ன ஆச்சு?"

"வண்டியிலயே கிடக்கு. என்ன பண்றதுன்னு தெரியல. வண்டிய மூடலாம்னு பார்க்கிறேன்."

"மூடறதுக்கு நல்லாத்தான் இருக்கும்" என்றார் அத்தை. இயந்திரத்தின் முன் உட்கார்ந்து ஊசியைச் சரிபார்த்தார். "கொண்டா, ஓரம் அடிச்சுத் தரேன்."